முன்னாடி போ

பின்வாசல் படியில் கால் வைத்ததுமே சாயங்காலம் ஆகிவிட்டது. மாசானத்துக்குக் கபடித் தேர்வு காலை பத்து மணிக்கு. படியில் தொங்கிக்கொண்டிருந்த அவன் கூட்டாளி எபனேசரோ தேர்வை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். முழங்காலெல்லாம் செம்மண்.

“எங்கல போன? மூணு தடவ ஒம் பேரக் கூப்பிட்டாங்க.”

“இப்பத்தாம்ல ஏறுறேன்!”

“முன்வாசல்ல ஏறியிருக்கணும், மூதி.”

எல்லா டவுன் பஸ்ஸையும் போலத்தான் அதுவும். முன்பக்கம் முன்பு, பின்பக்கம் பின்பு. முன்வாசலில் ஏறும் பெண்கள் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதைப் பார்ப்பார்கள். பின்வாசலில் ஏறும் ஆண்கள் போய்ச் சேரும்போது பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இதற்காக யாரும் பஸ்காரர்களோடு சண்டை போட்டதில்லை.

ஆனால் மாசானம் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டதே இந்தத் தேர்வுக்காகத்தான். மாவட்ட அணியில் பேர் வராவிட்டால் நாளையிலிருந்து பெரியப்பாவின் பஞ்சர் கடை. வேறு பேச்சே கிடையாது.

“முன்னாடி போ, முன்னாடி போ!” என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பத்து மணிக்கு எம்புட்டு முன்னாடி போணும்?”

“செவப்புத் துணி கட்டுன கம்பி தெரியுதா? அங்கனயே நில்லு. கிரவுண்டு வந்ததும் விசில் அடிக்கேன், ஜன்னல் வழியாக் குதிச்சிரு. அதுக்கு முன்னாடி ஒரு அடி போவாத.”

மாசானம் மூச்சைப் பிடித்துக் குனிந்து, கபடியில் ரைடு போவதுபோல் கூட்டத்துக்குள் பாய்ந்தான். ஜன்னலுக்கு ஜன்னல் வெயில் ஏறியது. மத்தியானத்தில் ஒருவர், “கால மிதிச்சிட்டானே பாவி!” என்று கத்தினார். கத்திவிட்டாரே என்று மிதித்துவிட்டுப் போனான்.

கம்பி வந்தது. பத்து மணி. தூரத்தில் கிரவுண்டு தெரிந்தது, வாசலில் நீள வரிசையும் தெரிந்தது. இவ்வளவு பேருக்குப் பின்னால் யார் நிற்பது? இரண்டு சீட் முன்னால் இருந்த ஜன்னலில் அதே கிரவுண்டு காலியாகக் கிடந்தது. மாசானம் கம்பியை விட்டான்.

“ஏய், லேடீஸ் சீட்டுடா! இங்க இன்னும் விடியவே இல்ல!”

“வழி விடுங்கக்கா, ஒரே நிமிஷம்!”

நெரிசல் அவனைத் தள்ளிக்கொண்டே போய் இன்ஜின் பெட்டி மேல் உட்கார வைத்தது. டிரைவர் சீட்டில் ஒரு நிறைமாதக்காரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்னும் பிறந்திருக்கவில்லை.

“தம்பி, இதக் கொஞ்சம் பிடி. எனக்கு வலி எடுத்துட்டு.”

“எனக்கு செலக்சன் இருக்குக்கா!”

“நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? இவன் பொறந்து வண்டி ஓட்டப் படிக்கிற வரைக்குந்தான்.”

அவள் நகர்ந்துகொண்டாள். ஸ்டியரிங் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. மாசானம் பிடித்தான். உள்ளங்கை அதிர்ந்தது, உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. முன்கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் ஆறுவதற்குள் பஸ் அதன்மேல் ஏறிப் போனது.

பின்னால், பத்து மணி ஜன்னல்களுக்கு வெளியே, கிரவுண்டில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையோடு கண்டக்டரின் விசிலும் கேட்டது.

“குதில, குதி!”

மாசானம் குதிக்கவில்லை. கியர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.