செவலைக்கு ஒரு கேசட்

கன்று பிறந்த பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது. அன்றோடு செவலை பாலை அடக்கிக்கொண்டது. மடி கனத்துத் தொங்கும். சாந்தம்மா காம்பில் கை வைத்தால் நாலு பீச்சுக்கு மேல் வராது. ஐந்தாவது பீச்சுக்கு இழுத்தால் பின்னங்கால் பறக்கும். இரண்டு சொம்பு நசுங்கியாயிற்று.

செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து எதிரே நிறுத்தச் சொன்னார்கள் ஊரில். நக்கிக்கொண்டே பால் விடுமாம். சாந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதா, அது கன்னா வைக்கோலான்னு? அந்தக் கண்றாவிய நான் தெனம் ரெண்டு வேளை பாக்கமாட்டேன்" என்று சொல்லிக் கன்றைப் புதைக்க வைத்தாள்.

மாட்டு டாக்டர் வந்து மடியைத் தடவிப் பார்த்தார். "பால் உள்ள நிக்கவே கூடாதும்மா. ஒரு வேளை கறக்காம விட்டாக்கூட மடிநோய் வரும். காம்பு செத்துப்போச்சுன்னா அப்புறம் இது அடிமாடுதான்." சூளகிரி ரோட்டில் அடிமாட்டு லாரிகள் போவதை சாந்தம்மாவும் அவள் புருஷனும் தினமும் பார்க்கிறவர்கள்.

அவள் புருஷன் தீர்த்தகிரிக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. ரிவெட் அடித்து வரும் பிராக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். கிலுகிலுவென்றால் சிவப்புப் பெயிண்ட், ரிஜக்ட். சத்தமில்லை என்றால் பெட்டிக்குப் போகும். ஒன்பது வருஷமாக அதையே செய்து செய்து, பஸ்ஸில் ஜன்னல் ஆடினால்கூட அவன் கை பெயிண்ட் பிரஷ்ஷைத் தேடும்.

அங்கே பரமசிவம் என்று ஒரு பிட்டர் இருந்தார், திருநெல்வேலிக்காரர். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா செம்புச் சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் ஆறு வருஷம் இருந்தவர். வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது தீர்த்தகிரியின் கையில் ஒரு சாமானைத் திணித்துவிட்டுப் போனார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பலகை, அதன் மேல் தட்டையாக அடித்த எட்டு இரும்பு நாக்குகள். இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் நாக்கின் நுனியை அழுத்தி விட்டால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும். பலகையின் குறுக்கே ஓடிய கம்பியில் நாலு சின்ன வளையங்கள் தொளதொளவென்று தொங்கின.

"இது பேரு கலிம்பா" என்றான் வீட்டில்.

"கரும்பா? கடிச்சிப் பாத்தியா, இனிக்குதா?" என்றாள் சாந்தம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குக் கரும்பு என்றே பேர்.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவன், உடம்பு அசந்து, கொட்டகையில் குப்புறக் கவிழ்ந்து கிடந்த கூடைமேல் உட்கார்ந்து கரும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். என்ன பாட்டு என்று அவனுக்கே தெரியாது. விரல் போன போக்கு. செவலை அசைபோடுவதை நிறுத்திக் காதைத் திருப்பியது. கொஞ்ச நேரத்தில் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது.

"ஏங்க, நிறுத்தாதீங்க!" என்று சாந்தம்மா சொம்போடு ஓடிவந்தாள்.

அப்புறம் ஐந்து வாரம் அப்படியே போனது. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு வேளை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வேளை. அவன் தட்டுவான், அவள் கறப்பாள். அவளும் மூன்று நாள் தட்டிப் பார்த்தாள். செவலை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டது.

ஆறாவது வாரம் போர்மேன் வெங்கடசாமி கூப்பிட்டுச் சொன்னார், திங்கட்கிழமை முதல் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட் என்று. மதியம் இரண்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி பத்தரைக்குத்தான் வெளியே.

"சார், வீட்ல மாடு ஒண்ணு..."

"மாடா? லீவ் லெட்டர் எழுதித் தரச் சொல்லு. கைநாட்டு வச்சாலும் பரவால்ல, வாங்கிக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரியும் சிரித்து வைத்தான். காலைக் கறவைக்கு அவன் வீட்டில் இருப்பான். நாலு மணிக்கு?

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முனிசாமி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். திருவிழாவுக்கு மைக்செட்டும் கட்டுவான். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கன்னடம், வாய்க்கு வந்தது எல்லாம். தீர்த்தகிரி சொன்னதைக் கேட்டு அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏமண்ணா, மாட்டுக்குக் கேசட்டா? சரி, காசு குடுக்கறது மாடு இல்ல, நீதான. பண்ணிடலாம்."

டேப்ரிக்கார்டரில் இருந்த மைக்கின் முன்னால் வைத்து முதலில் பதிந்தார்கள். போட்டுக் கேட்டால் தர்மபுரி பஸ் ஹாரன், டீக்கடைக்காரன் கிளாஸ் கழுவுவது, முனிசாமி தும்மியது எல்லாம் விழுந்திருந்தது. கரும்பு மட்டும் எங்கோ கொசு போல.

முனிசாமி தாடையைச் சொறிந்தான். "மைக்கு காத்துல வர்றதத்தான் கேக்கும். உன் சத்தம் காத்துக்கே வரல, கட்டைக்குள்ளயே சுத்துது. கட்டைய நேரா கேட்டாத்தான் ஆச்சு."

ரிப்பேருக்கு வந்து எடுக்காமல் கிடந்த ரெக்கார்டு பிளேயர் ஒன்றின் கையிலிருந்து பிக்கப்பைக் கழற்றினான். சுண்டுவிரல் நகம் அளவு சாமான், முனையில் ஊசி. ஊசி பலகையின் முதுகில் பட்டும் படாமலும் நிற்கும்படி வைத்து, சைக்கிள் டியூபை வார் வாராக நறுக்கிச் சுற்றிக் கட்டினான். அதிலிருந்து ஒயர் இழுத்து மைக்செட் ஆம்பிளிபயரில் சொருகினான். உம்மென்று ஒரு இரைச்சல் வந்தது. தீர்த்தகிரியின் விரல் இரும்பில் பட்டதும் நின்றது, எடுத்ததும் வந்தது. "எர்த்து இல்ல" என்று இன்னொரு கம்பியை இரும்பு நாக்குகளோடு சேர்த்து முறுக்கினான். இரைச்சல் அடங்கியது.

"இப்ப தட்டு."

தீர்த்தகிரி ஒரே ஒரு நாக்கைத் தட்டினான். கடை வாசலில் இருந்த பெட்டி ஸ்பீக்கரிலிருந்து கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. கூடை இறக்கிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். தன் விரலிலிருந்து வந்ததுதானா அது என்று அவனுக்கே பயமாக இருந்தது. மெதுவாக இன்னொன்றைத் தட்டினான்.

அப்போதுதான் அது கேட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் கிர்ர்ர் என்று ஒரு இழுவை. நாலு வளையமும் அதிர்ந்தன. வெறும் காதுக்கு லேசாக இருந்தது, ஸ்பீக்கரில் தகரத்தைத் தேய்ப்பது போல வந்தது.

முனிசாமி முகம் சுளித்தான். தீர்த்தகிரிக்குக் காது கூசியது. லூஸ். அவன் பெஞ்சுக்கு வந்திருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பான். இத்தனை நாள் இதையா தட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. மெழுகை உருக்கி நாலு வளையங்களையும் கம்பியோடு ஒட்டிவிட்டான். ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை. பாஸ்.

கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கத் தட்டினான். பதிந்ததைக் கேட்டபோது முனிசாமிக்கே பெருமை தாங்கவில்லை. "ஸ்டூடியோ தோத்துச்சு போ! மாடு என்ன, கல்லே பால் குடுக்கும்." பேட்டரி போட்ட டேப்ரிக்கார்டர் ஒன்றையும் கொடுத்தனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சோதனை. தீர்த்தகிரி மாட்டின் கண்ணில் படாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டான். சாந்தம்மா பொத்தானை அழுத்தினாள். தெளிந்த தண்ணீர் மாதிரி சத்தம் வந்தது. செவலை காதைத் திருப்பியது. நாலு பீச்சு. அப்புறம் காதை மடக்கிக்கொண்டு காலைத் தூக்கியது. சொம்பு உருண்டது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது, மாடு நின்ற நிலையில் நின்றது.

தீர்த்தகிரி வைக்கோலில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான். நாளை மத்தியானம் ஷிப்ட். மடியை நினைத்தான். லாரியை நினைத்தான்.

சாந்தம்மா டேப்பை நிறுத்தாமல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஏங்க, இதுல ஈ எங்க?"

"ஈயா?"

"உங்க கரும்புல ஒரு ஈ இருக்குமே. கிர்ருனு. நீங்க தட்டறப்ப ஒவ்வொண்ணுக்கும் கூடவே வரும். அதக் கேட்டாத்தான் இது காத ஆட்டும். ஆட்டுனா ரெண்டு எண்றதுக்குள்ள பால் எறங்கும். நான் மடிகிட்ட உக்காந்து தெனம் பாக்கறனே."

"அது ஈ இல்லடி, வளையம் லூஸு. டைட் பண்ணிட்டேன்."

"யார் பண்ணச் சொன்னா? நான் தட்டறப்பகூட அந்த வளையத்து மேல என் விரல் பட்டு அமுங்கிக்கும். அதுக்குத்தான் என்கிட்ட விடமாட்டேங்குது போல." சொல்லிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கம்பெனி புத்தி வீடு வரைக்கும் வந்துடுச்சு. இந்த வீட்ல ஆடறதெல்லாம் ரிஜக்ட்டுன்னா மொதல்ல உங்க பல்லுக்குப் பெயிண்ட் அடிக்கணும்."

அவன் கரும்பை எடுத்து மெழுகை ஊசியால் சுரண்டினான். நாலாவது வளையம் விட்டதும் தட்டினான். ஈ வந்துவிட்டது. அன்றைய பாலை அப்படியே தட்டிக் கறந்தார்கள்.

மறுநாள் காலைக் கறவை முடித்து முதல் பஸ்ஸில் ஓசூர் போனான். முனிசாமி கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான். பிக்கப்பை மறுபடி கட்டினார்கள். இந்தமுறை சத்தத்தைக் குறைத்து வைத்தான் முனிசாமி. வளையங்கள் நாடாவில் கிழிசலாக விழாமல், கிர்ரென்பது கிர்ரென்றே கேட்டது. "பழுத நல்லா பதியறது இதான் மொதத் தடவ" என்று முணுமுணுத்தான். இரண்டு பக்கமும் தட்டி முடித்தபோது தீர்த்தகிரியின் கட்டைவிரல் நகம் கன்றிப்போயிருந்தது. ஊருக்குப் போய்க் கேசட்டைச் சாந்தம்மாவிடம் கொடுத்துவிட்டு, வந்த காலோடு ஷிப்டுக்குத் திரும்பினான். சோற்றுக்கு நேரமில்லை. சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை.

நாலு மணி ஆனபோது பெஞ்சில் இருந்தான். கையில் இருந்த பிராக்கெட்டைக் காதருகே ஆட்டினான். என்ன கேட்டது என்று தெரியவில்லை. மறுபடி ஆட்டினான். வெங்கடசாமி தூரத்திலிருந்து, "என்னய்யா, அதுகிட்ட ரகசியம் பேசறயா?" என்றார். நாலரை ஆனது. ஐந்து ஆனது. மடி இந்நேரம் காலியாக இருக்க வேண்டும், அல்லது கல்லாக.

ஊரிலிருந்து கேன்டீனுக்குப் பால் கொண்டுவருகிறவன் சென்னப்பன். டீ டயத்துக்கு அவன் சைக்கிள் கேட்டுக்குள் வரும். ஆறரைக்கு வந்தது. தீர்த்தகிரி ஓடாமல் நடக்கப் பார்த்தான், முடியவில்லை.

சென்னப்பன் கேனை இறக்கி வைத்து, துண்டால் நிதானமாக முகத்தைத் துடைத்தான்.

"என்னடா, சொல்லித் தொலை."

"என்னத்த சொல்றது? உம் பொண்டாட்டி பெரிய சொம்பு கேட்டு எங்க வீட்டுக்கு வந்தா."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்க சொம்பு நெறைஞ்சி போச்சாம். 'மடி காலி'ன்னு மட்டும் சொல்லச் சொன்னா. ஒரு பக்கம் முடிஞ்சி டேப்பு டக்குனு நின்னுச்சாம், மாடு திரும்பி அந்தப் பொட்டியப் பாத்துச்சாம். இவ திருப்பிப் போட்டாளாம். போட்டதும் மிச்சத்தயும் விட்டுடுச்சாம். நான் இருபது வருசமா மாடு வச்சிருக்கேன், எனக்கு ஒரு..."

அதற்கு மேல் அவன் சொன்னது தீர்த்தகிரியின் காதில் ஏறவில்லை. ஸ்கிராப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். கேன்டீன்காரர் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"போண்டா சூடா இருக்கா?" என்று கேட்டான். "நாலு குடுங்க."