காப்பர்னா எனக்குத் தெரியும்

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். இரண்டாவது பிரசவத்தில் நான் செத்துப் பிழைத்ததும், "இதயம் ரொம்ப வீக். இன்னொரு பிரசவம் தாங்காது, கருத்தடை ஆபரேஷனும் தாங்காது. நாள்பட நிக்கிற மாதிரி ஏதாவது வெச்சுக்கோங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. மற்ற புருஷன்மார் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட, இவர் எனக்கு முன்னால் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மேஜைமேல் இரண்டு இருந்தன. கையில் தோலுக்கடியில் வைக்கிற சின்னக் குச்சி, கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி. நான் குச்சியைத் தொட்டேன். "எனக்கு இது..."

"காப்பர்னா எனக்குத் தெரியும் மேடம். அதையே வெச்சிடுங்க. வாரண்டி எத்தனை வருஷம்?"

டாக்டரம்மா சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் நர்ஸ். அந்த வாயைத் தைக்க வேண்டும்.

மாதவிலக்கு முடிந்ததும் காப்பர்-டியின் நூல் இருக்கிறதா என்று நானே விரலால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். "உனக்கென்ன தெரியும், நான் பாத்துக்கறேன்" என்று அந்த வேலையையும் இவர் எடுத்துக்கொண்டார். தன் கையால் சோதிக்காமல் எந்த லைனையும் விட்டு வராத மனுஷர். மாதாமாதம் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு தடவை சுருக்கென்று வலித்தது. "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்றார். நானும் என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

இன்று அதே அறை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. காப்பர்-டி கீழே இறங்கிக் கிடக்கிறது. மேலே குழந்தை. நாள் தள்ளிப்போனதை உடம்பு பலவீனம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நூலை யாராவது இழுத்தீங்களா?"

"இழுக்கல மேடம். நீளமா நீட்டிட்டிருந்துச்சு. கத்திரிக்கு எட்டுற அளவுக்கு லேசா பிடிச்சு, நுனிய மட்டும் நறுக்கினேன். ஒயர் அப்படித் தொங்கினா எந்த எலக்ட்ரீஷியன் விட்டுட்டு வருவான்?"

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் காறித் துப்பியாவது ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

"கலைச்சாலும் ஆபத்து, சுமந்தாலும் ஆபத்து. எதுக்கும் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, பழக்கதோஷம், என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்: "என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்தக் குச்சியை வைத்திருக்க வேண்டிய கை.

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

"என்னைப் பாத்தது போதும்" என்றேன். "புள்ளைங்களைப் பாத்துக்கோங்க."