வட்டக் கோட்டையின் மிச்சப் பாதி

1.

இந்தக் கதை ஒரு சோளக் காணியில் கிடைத்தது. மனைவி சிவப்பிரியா இறந்ததை இன்னும் ஒருவரிடமும் வாயால் சொல்லாத ஒருவனைப் பற்றியது. அவனுக்கு ஐங்கரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் நானல்ல என்று வைத்துக்கொள்வது வசதி.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'ஜேர்மனியின் ஹம் நகருக்கு வெளியே, ஆயிரம் வருடத்துக்கு முந்திய வட்டக் கோட்டை ஒன்று கம்பீரமாக…'

இல்லை. இடுப்புயர மண்வரம்பு, சில ஓக் மரங்கள், ஒரு அறிவிப்புப் பலகை. அதுவும் பாதி வட்டம்தான். மிச்சத்தை உழுது உழுது சோளக் காணி ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாம் முயற்சி: 'சிவப்பிரியா அதைக் கோயில் வீதி போலச் சுற்றினாள்.'

இது சரி. செருப்பைக் கழற்றிவிட்டு, வலமாக. வரம்பு முடிந்த இடத்தில் ஐங்கரன் நின்றான். அவள் சோளத்துக்குள் இறங்கினாள்.

"பயிரப்பா! வாரும் இஞ்சாலை."

"சுத்தினா முழுசாச் சுத்தோணும்."

"உள்ளுக்கு என்ன, சாமியே இருக்கு?"

"இருந்தா உங்களிட்டைச் சொல்லிப்போட்டே இருக்கும்?"

காணிக்காரர் கத்தினார். அவள் அவரையும் கும்பிட்டுவிட்டு நடந்தாள். அம்மன் தேருக்கு ஹம் வரும் ஒவ்வொரு ஆனியிலும் இதுதான்.

3.

(அவள் இறந்ததை எழுத இந்தப் பகுதியை ஒதுக்கியிருந்தேன். மாசி மாதம், வைத்தியசாலையில் என்று தொடங்கி… விடுங்கள்.)

4.

அவளுடைய அக்கா ஆரணி தொலைபேசியில் சொன்னாள்:

"ஒரு வரியத்துக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அம்மன்ரை தேருக்கும் வந்திடாதேங்கோ."

"ஓம் அக்கா."

"அதுக்காக வீட்டுக்குள்ளையே கிடக்காதேங்கோ."

மண்வரம்புக்குத் துடக்கும் தீட்டும் இல்லை. ஆனியில் ஐங்கரன் தனியாகப் போனான். செருப்பைக் கழற்றினான். வரம்பு முடிந்தது. (இங்கேயே அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். கேட்கவில்லை.)

சோளத்துக்குள் ஒரு பாதை இருந்தது. மிதித்து உண்டான பாதை இல்லை. ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு விதைக்காமலே விட்டது. அழிந்த பாதி வட்டத்தின் வளைவில் சரியாகப் போனது. மறுமுனையில் காணிக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இனி என்ரை சோளத்தை மிதிக்கத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ. எங்கை அவ?"

(அவர் பேசியது டொச், ஜேர்மன் மொழி. எனக்கு இப்படித்தான் கேட்டது.)

5.

முடிவு அ: 'ஐங்கரன் உண்மையைச் சொன்னான்.' எழுதிவிடலாம். ஆனால் என்ன சொல்லால் சொன்னான் என்றும் எழுத வேண்டும். இதுவரை எல்லாருக்கும் ஆரணிதான் சொன்னாள்.

முடிவு ஆ: 'வேலை. பிறகு வருவா,' என்றான். அப்படியென்றால் அடுத்த வருடமும் அந்த மனிதர் அவளுக்கு இடம் விட்டு விதைப்பார். அதற்கடுத்த வருடமும்.

அவர் அவனைத் தாண்டி வரம்புப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். அவள் பின்னால் வருகிறாள் என்று நினைக்கிறார்.

நீங்கள் யாராவது சொல்லிவிடுங்கள்.