பாய்லருக்கு இன்னும் எத்தனை வருஷம்?

ஒரு பாய்லர் சாகவேண்டும் என்று ஜெபம் பண்ணின ஆள் ஆம்பூரில் ஒருவன்தான் இருந்தான். வாஜித் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பதினாறு வருஷமாக அந்தப் பாய்லருக்கு நெருப்புப் போட்டுவந்த சாமுவேல்தான் அவன்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனைவி ஜெயம்மாளுக்குத் தோல் ஷாப் நெடி ஆகாது. மூச்சு இழுத்து இழுத்து ஒருநாள் கண் செருகி விழுந்துவிட்டாள். இந்த ஊரில் வைத்திருந்தால் பிழைக்கமாட்டாள் என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜோலார்பேட்டையில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கேயே ரயில்வே என்ஜின் ஷெட்டில் வேலைக்குச் சேரலாம். ஆனால் சாயபு கடிதம் கொடுத்தால்தான் எடுப்பார்கள். அவரோ பிடிகொடுக்கவில்லை.

"கிழ பாய்லர்டா சாமுவேல். ஒன் கைக்குத்தான் அடங்குது. இன்னொருத்தன நம்பி வுட்டா ஷாப்பையே தூக்கிடும். அது ஓயட்டும், அன்னிக்கே லெட்டர் தர்றேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷர். அதுதான் தொந்தரவே. ஏமாற்றுக்காரராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது கிளம்பியிருக்கலாம்.

அந்த வருஷம் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தகட்டின் கனத்தை அளந்தார். வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போட்டார். "இன்னும் ஆறு வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறே வருஷம்தான் என்று சாமுவேல் ஜெயம்மாளிடம் சொன்னான். சொல்வதற்கு என்ன? கட்டினவளை ஒரு மணி நேர ரயில் தூரத்தில் விட்டுவிட்டுத் தனியாகச் சோறு பொங்கித் தின்கிறவனுக்குத்தான் ஆறு வருஷத்தின் நீளம் தெரியும்.

அதுவும் ஒருவழியாக ஓடிப்போய், 1934இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஷாப் லீவு நாளாகப் பார்த்து, மெட்ராஸிலிருந்து வேதாசலம் என்ற புது இன்ஸ்பெக்டர் வந்தார். நெருப்பை முன்கூட்டியே அணைத்துப் பாய்லரை ஆறவைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தியும் சுத்தியலுமாக அவர் உள்ளே நுழைந்து தட்ட ஆரம்பித்தார். சாமுவேல் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். நைந்த தகடு என்றால் சத்தம் சொத்தென்று விழும். 'ஒரே ஒரு சொத்தைச் சத்தம் கேக்கட்டும் ஆண்டவரே' என்று வேண்டினான். எல்லாம் கணீரென்றே விழுந்தது. பிறகு சின்னத் துளை போட்டுக் கனத்தை அளந்தார். துளையை அடைத்து, பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"பழைய ரிப்போர்ட்படி இது இப்ப பழைய இரும்புக் கடைக்குப் போகணும்" என்றார் வேதாசலம். "ஆனா தேய்மானமே நின்னுபோயிருக்கு. நடுவுல சோதனைக்கு வந்தவங்க கனத்த அளக்காம விட்டுட்டாங்க. தகடு மேல கறுப்பா, மெல்லிசா என்னமோ படிஞ்சிருக்கு. தண்ணியில என்னப்பா போட்ட?"

சாமுவேல் ஒப்புக்கொண்டான். "ஆவாரம்பட்டை கஷாயம் சார். வாரத்துக்கு ஒரு கொடம்."

தோல் பதனிடுகிற அதே பட்டைதான். ஷாப் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. பாய்லருக்குள் காரை காரையாகக் கட்டிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் அதை உளியால் கொத்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், ஜோலார்பேட்டை ரயிலும் போய்விடும். பட்டைத் தண்ணீர் புழங்கும் தொட்டியில் காரை ஒட்டாததைக் கவனித்துத்தான் பாய்லரிலும் ஒரு குடம் ஊற்றிப் பார்த்தான். காரை சேறாக இளகி வந்தது. பத்து மணிக்கே வேலை முடிந்தது. அன்றுமுதல் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் ஜெயம்மாளைப் போய்ப் பார்த்துவந்தான்.

அந்தக் குடம் தகட்டையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. அவளைப் பார்க்கிற ஆசையில், அவளோடு போய்ச் சேருகிற நாளைத் தன் கையாலேயே தள்ளிப்போட்டிருக்கிறான் மடையன்.

"விடாம ஊத்தினா பன்னெண்டு வருஷம் தாராளமா ஓடும்" என்றார் வேதாசலம். "நிறுத்திட்டா பழையபடி தேயும். நாலு வருஷத்துல நானே ஒதவாதுன்னு கண்டம் பண்ணிடுவேன்."

"நிறுத்துனா வெடிச்சிடுமா சார்?"

"நீ ஒழுங்கா கொத்தி எடுத்தா வெடிக்காது. வருஷா வருஷம் நாங்களும் பாத்து பிரஷரக் கம்மி பண்ணுவோம்."

சாயபு சபாஷ் என்று சாமுவேலின் முதுகில் தட்டிக்கொடுத்தார். 

மத்தியான ரயிலில் சாமுவேல் ஜோலார்பேட்டைக்குப் போனான். ஜெயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாங்க சொன்னாரு?"

அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. "கஷாயத்த நிறுத்திட்டா நாலே வருஷம். அப்புறம் நிரந்தரமா உன்கூடத்தான். ஆனா அதுவரைக்கும் வெள்ளிக்கெழம பூரா கொத்தணும். விடியறதுக்குள்ள மறுபடி நெருப்பு மூட்டணும். இங்க வர முடியாது."

"ஊத்துனா?"

"பன்னெண்டு வருஷம். வாரா வாரம் வருவேன்."

 ஜெயம்மாளின் மூச்சு விசில் போலக் கேட்டது.

"பாய்லர தட்டிப் பாத்து வருஷம் சொல்றதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர்றாரு" என்றாள். "என்னைத் தட்டிப் பாத்து சொல்ல யாருங்க இருக்காங்க? நாலு வருஷம் நான் இருப்பேனா?"

சாமுவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "வர்ற வெள்ளிக்கெழம வாங்க."

அடுத்த வாரம், பட்டைக் கஷாயத்தைச் சாமுவேல் அழுதுகொண்டே பாய்லரில் ஊற்றினான்.