கடைக்குள் வெயில் இல்லை

கையில் தூக்கிப் போகும் சோலார் பவர் ஸ்டேஷன் வாங்க வருகிறவர்கள் எத்தனை வாட், எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். இந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பழைய பாக்கெட் ரேடியோவை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாடி பிடிக்கிற வைத்தியர்கூட இவ்வளவு பந்தா பண்ணமாட்டார். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளருக்கு ஒன்றும் ஓடவில்லை.

“மேடம், இது பாடாது. கரண்ட்தான் கொடுக்கும்.”

“பாடக் கூடாதுன்னுதான் பார்க்கறேன்.”

கூட வந்த கணவர் சிரித்தார். அவர் ஓட்டுவது நகரப் பேருந்து. போன வருடம் ஒரு கூடாரம் வாங்கியதிலிருந்து அவள் அவருக்கு வைத்த பெயர் கேப்டன். கேப்டனுக்கு ஒரே குறி, இருப்பதிலேயே பெரிய பெட்டி.

“கெட்டில் ஓடணும், ஃபேன் ஓடணும்.”

“மலைக்குப் போறதே காத்து வாங்கத்தானே? அங்க எதுக்கு ஃபேன்? வீட்டையே பேர்த்து எடுத்துட்டு வந்துடுங்க!”

பேச்சு என்னவோ விளையாட்டுத்தான். விஷயம் விளையாட்டில்லை. அவளுக்கு ஒரே அண்ணன். கடல் தாண்டி இருக்கிறார். தொண்டையில் நோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எடுத்தும் நோய் விடவில்லை, இனி கடவுள் விட்ட வழி என்று டாக்டர் கையை விரித்தாயிற்று. அண்ணனும் தங்கையும் சின்ன வயதிலேயே, வீட்டிலிருந்தே வானலையில் ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு உரிமம் எடுத்தவர்கள். வாய் போனாலும் அண்ணனுக்குக் கை இருந்தது. புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்ட முடியும். போனில் எழுதி அனுப்பலாமே என்றால், யார் எழுதினாலும் எழுத்து ஒரே மாதிரிதான் வந்து விழும். தட்டுகிற கைக்கு ஒரு நடை உண்டு. அண்ணன் கடைசித் தட்டலை எப்போதும் கொஞ்சம் இழுப்பார், பேசும்போது “வாம்மா...” என்று இழுப்பாரே, அதே போல. இன்னொரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்ட விடமாட்டார்கள். விட்டாலும் லிஃப்ட், விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் போடுகிற இரைச்சலில் தூரத்துக் குரல் எடுபடாது. மலை மேல் கூடாரம் போடுகிற இடத்துக்குக் காரும் போகாது. அதற்காகத்தான் இந்தப் பெட்டி, அதுவும் தானே இரைச்சல் போடாத பெட்டி. அண்ணனிடமும் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை, ஒரு மணி நேரம்.

கேப்டன் கேட்ட பெரிய பெட்டிகள் இன்வெர்ட்டரைப் போட்டதும் பாக்கெட் ரேடியோவைக் கத்த வைத்தன. நடுத்தரமாக ஒன்று மட்டும், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுக் காரில் இருப்பது போன்ற சாக்கெட்டை மட்டும் போட்டால், மூச்சே விடவில்லை. ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“இதுதான். சோலார் பேனலையும் சேர்த்துக் கொடுங்க.”

பேனலை மட்டும் செருகிப் பார்க்கவில்லை. கடைக்குள் வெயிலுக்கு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் இரண்டு முறை வெந்நீர் போட்டுப் பெட்டியைப் பாதி காலி பண்ணியிருந்தார். திட்டு வாங்கிக்கொண்டு, பரிகாரமாகப் பேனலை விரித்து, வெயில் நகர நகரத் திருப்பி வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் மரத்தில் கம்பி கட்டி, ஹாம் ரேடியோவைப் பெட்டியில் செருகிப் போட்டாள். ஹெட்போனில் ஒரே இரைச்சல். அண்ணனை அழைத்துத் தட்டினாள். இரைச்சல்தான் பதில். கம்பியை இறக்கிக் கட்டினாள். ஹெட்போனை மாற்றினாள். மறுபடி தட்டினாள். “தூங்குமூஞ்சி, எழுந்திரு.” கடைசியில் “அண்ணா, இருக்கியா?” என்று மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினாள். எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறாரோ என்று நினைத்தாள்.

அப்போது ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. இரைச்சல் அடங்கியது. அந்த அமைதியில் ஒரு தட்டல் கேட்டது, கடைசித் தட்டல், நன்றாக இழுத்த ஒன்று. விடைபெறும் குறி.

ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, வெயில் பட்டதும் இரைச்சல் போட்டது பேனல்தான். பாய்ந்து போய்ப் பேனல் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். காற்று கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. அழைத்தாள், அழைத்தாள். நேரம் முடிந்து அண்ணி அங்கே ரேடியோவை அணைத்திருப்பாள்.

“கெட்டில்ல வெந்நீர் போட்டது நான்தானே...” என்றார் கேப்டன். முகம் செத்துப் போயிருந்தது.

“விடுங்க. கடையில அத்தனையும் பார்த்தேன். இது எனக்குத் தோணலையே, பாவி.”

மலையிறங்கி போனில் சிக்னல் வந்ததும் அண்ணிக்கு எழுதினாள்: “அடுத்த ஞாயிறும் வருகிறேன்.” கேட்கவில்லை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வரை அண்ணன் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணி போன் பண்ணினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள்.

“அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு தெரியுமா? நீ தட்டினது பூரா இங்க கணீர்னு கேட்டுச்சும்மா. என்னத்தச் சொன்னியோ, தோள் குலுங்கச் சிரிச்சாரு. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு விடாம தட்டினாரு. வலது கை வலிச்சதும் இடது கையால தட்டினாரு. ‘போதுங்க’ன்னேன், கேக்கல. முடிஞ்சதும் ‘அடுத்த வாரம் மறுபடியும்’னு எழுதிக் காட்டினாரு. அவ்வளவு ஆசை.”

இரைச்சல் கேட்கிற காதைத்தான் அடைக்கும், தட்டுகிற கையை அடைக்காது. அந்த ஒரு மணி நேரமும் அவள் “இருக்கியா” என்று கேட்கக் கேட்க, அவர் “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“எனக்கு அந்த டக்கு டக்கு ஒண்ணும் புரியாது,” என்றாள் அண்ணி. “உன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவு நேரம் என்னம்மா சொன்னாரு? என்னப் பத்தி... ஏதாச்சும் சொன்னாரா?”

ரேடியோக்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. காதில் விழுந்ததை மட்டும்தான் விழுந்தது என்று சொல்ல வேண்டும். மரியாதைக்காக ஒருமுறை “கேட்டுது” என்று புளுகிய ஒரு ஆளோடு அவள் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. அண்ணன்கூடக் கேலி பண்ணுவார், உனக்கு இதில் மட்டும் கோர்ட்டு ஜட்ஜு என்று நினைப்பு என்று.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கதவோரம் கேப்டன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களப் பத்திதான் அண்ணி, பாதி நேரம்,” என்றாள். “எல்லாம் தெளிவா கேட்டுது.”