மேகத்தில் மிஞ்சிய ஒளி

விண்வெளியில் ஒரு வாயு மேகம் மங்கிக்கொண்டிருக்கிறது, கணினித் திரையில் ஒரு சாம்பல் கறையாக, பக்கத்தில் இருக்கும் பழைய படத்தில் அதே இடம் தணலாய் எரிகிறது, இரண்டையும் திறந்து வைத்துவிட்டு நான் தேவசித்தத்தின் முகத்தையே பார்க்கிறேன், என் கணவர், மூளைக்காய்ச்சலில் ஆறு வருட நினைவுகளைத் தொலைத்துவிட்டு எழுந்தவர், பழகின வேலையைக் குடுத்துப் பாருங்கம்மா என்று டாக்டர் சொன்னதால் இந்தப் பெங்களூர் வீட்டின் பகல் வெளிச்சத்தில் எங்கள் ஆராய்ச்சியை அவர் முன்னால் விரித்திருக்கிறேன், இந்தப் பழைய படம் நாம எடுத்தது, நல்லா ஞாபகம் இருக்கு, என்கிறார், மங்குன படத்த யாரு எடுத்தா, நீங்கதான் என்கிறேன், வேறு யாருடைய கையெழுத்தையோ பார்ப்பதுபோல் உற்றுப் பார்க்கிறார்.

தொலைந்த அந்த வருடங்களுக்குள்தான் எப்சிபா பிறந்தாள், எங்கள் மகள், நடந்தாள், கதவுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தாள், அவருக்கு வந்த அதே காய்ச்சல் நாலு வயதில் அவளுக்கும் வந்தது, அவர் நினைவின்றிக் கிடந்த வாரத்தில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தேன், கண் விழித்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், அவளைக் கேட்கவில்லை, கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன், அவள் பிறந்ததே அவர் நினைவில் இல்லை என்று பிறகுதான் புரிந்தது, இப்போ சொல்லாதீங்க, தாங்கமாட்டார், என்றார்கள் ஆஸ்பத்திரியில், என் அண்ணன் வந்து படங்களையும் சின்னச் செருப்புகளையும் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனான், ஆனாலும் வீடு சும்மா இருக்கவில்லை, குக்கர் சத்தத்துக்கு நடுவே அம்மா என்று ஒரு குரல் கேட்கும், திரும்புவேன், அவர் மட்டும் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பார், சின்னச் சின்னத் துண்டாக, ஊதி ஆற்றி, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்று தெரியாமல் எழுந்துபோவார், அந்தத் துண்டுகளைக் காலைதோறும் நான்தான் தின்கிறேன்.

மங்கிருச்சே, என்கிறார் இப்போது, கண்ணில் அந்தப் பழைய கூர்மை, இந்த மேகத்துக்குச் சொந்தமா இந்த வெளிச்சம் கெடையாதுல்லா, நம்ம பால்வெளிக்கு நடுவுல இருக்க கருந்துளை இன்னைக்குச் சத்தமில்லாமக் கெடக்கு, ஆனா எரநூறு வருசத்துக்கு முன்னாடி எதையோ முழுங்கி எரிஞ்சிருக்கு, அப்ப நேரா வந்த எக்ஸ்ரே கதிர் நாம பொறக்குமுன்ன பூமியத் தாண்டிப் போயிருச்சு, மேகத்துல மோதி, அதுல உள்ள இரும்பை ஒளிர வச்சு, சுத்தி வந்தது இப்பத்தான் வந்து சேருது, எரிஞ்சது அணைஞ்ச பெறகும் எரிஞ்ச சேதி வந்துக்கிட்டுத்தான இருக்கும், அவர் பேசப் பேச எனக்குத் தோன்றுகிறது, எல்லாம் திரும்பிவிட்டதோ, அடுத்த அறையிலிருந்து அவள் ஓடி வந்துவிடுவாளோ, பேச்சு சட்டென்று நிற்கிறது, திரையை விட்டு என் பக்கம் திரும்புகிறார், ஏட்டி, நான் தெனமும் யாருக்குத் தோசை பிய்க்கேன்.

மழுப்ப வாய் வரவில்லை, எப்சிபாவுக்கு, என்றேன், நம்ம மகளுக்கு, எங்கட்டி அவ, என்றார், காய்ச்சல்ல போயிட்டா, நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, ரெண்டு வருசமாச்சு. தலையில் அடித்துக்கொண்டு அழுதார், முகமே தெரியாத பிள்ளைக்காக, எனக்கு அழுது காய்ந்துபோன சாவு, அவருக்கு அன்று மத்தியானம்தான் நடந்தது, கல்லறைத் தோட்டத்தில் நான் தனியாக நின்ற இடத்துக்கு இரண்டு வருடம் கழித்து அவர் வந்து சேர்ந்திருந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன், நானும் அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்தான், ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, கடற்கரையில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவரே சிரிக்கிற படத்தில் மட்டும் விரல் நின்றது, இந்தப் பய குடுத்து வச்சவன், என்றார், பிறகு என்னைப் பார்த்து, எனக்கு ஒண்ணும் வரல, நீ சொல்லு, பொறந்த அன்னையிலேருந்து சொல்லு, என்றார், அன்னைக்குச் சரியான மழை, ஆட்டோ ஒண்ணும் நிக்கல, நீங்க நடுரோட்டுல போய்க் கைய விரிச்சுக்கிட்டு நின்னீங்க, என்று தொடங்கினேன்.