அன்ரனெற் வீட்டு ஐஸ்

உக்ரேனில் போர் தொடங்கிய ஆண்டு, யூலை மாதத்தில், வெக்ஸ்போர்ட்டில் அன்ரனெற்றின் வீட்டு பேஸ்மென்றில் ஐஸ் பிடித்தது. வெளியே நாய்கூட நிழலை விட்டு வராத வெயில். ரொறன்ரோவில் பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வருவது ஒரு புதினமே அல்ல. குழாய்தான் வெடித்துவிட்டதென்று நினைத்து அன்ரனெற் வாளியும் துடைப்பமுமாகப் படியிறங்கினாள். ஹோல் முழுவதும் வழுவழுவென்று ஐஸ். அதற்குள்ளே ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீல வட்டம், வட்டத்தின் நடுவே பற்சக்கரமும் சிவப்பு நட்சத்திரமும். புருஷன் றிச்சர்ட் மேற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "உதுக்கு இன்சூரன்ஸ்காரன் ஒண்டும் தரமாட்டான்," என்றார்.

அங்கே வாடகைக்கு இருந்தவன் விற்றாலி. காசுக்கு ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன்; ஆனால் தொலைக்காட்சியில் வருகிற பெரிய லீக்கில் அல்ல, அதற்கும் இரண்டு படி கீழே. உக்ரேனின் கிழக்கு மூலையில் ஒரு சுரங்க நகரத்தில் பிறந்து, வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்து, ரஷ்யக் கழகமொன்றில் இரண்டு பருவம் ஆடிவிட்டுக் கனடாவுக்கு வந்தவன். அறிவிப்பாளர்கள் அவனை ரஷ்யன் என்பார்கள். அவன் போய்த் திருத்துவான்; அடுத்த ஆட்டத்திலும் ரஷ்யன்தான். அவனுடைய நகரம் வைகாசியில் ரஷ்யப் படையிடம் விழுந்தது. அங்கே சிறுவர்களுக்கு ஹொக்கி பழக்குகிற தகப்பன் வெளியே வர மறுத்துவிட்டார், பிறகு தொலைபேசியும் செத்துப்போனது. ஐஸைக் கண்டதும் விற்றாலி படியிலேயே குந்திவிட்டான். அது அவன் ஊர் ஐஸ் ஹொக்கி மைதானத்தின் நடுப்பகுதி. இரவு வெறுமையாகக் கிடந்த ஐஸில் விடியும்போது ஸ்கேற் கீறல்கள் இருந்தன. ஒரு சுவரிலிருந்து புறப்பட்டு மறு சுவருக்குள் போயின. அவற்றுக்கு நடுவே ஒரு சோடி சப்பாத்துத் தடம், வலது கால் சற்று இழுபட்டபடி, அவனுடைய தகப்பன் நடப்பதுபோலவே. அப்பா உயிரோடிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அவன் அழுதான். பொழுதுபடும்போது எல்லாம் மறைந்து ஐஸ் மறுபடி வழுவழுப்பாகிவிடும், விடியப் புதுத் தடம் வரும். அதைத் தவிர அவனுக்கு வேறு செய்தி கிடையாது. தடத்தைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பான். கொஞ்ச நாளில் அன்ரனெற்றும் அப்படியே பழகிவிட்டாள்.

நகரின் மேற்கே ஒரு உக்ரேனியத் தேவாலய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் சின்னப்பிள்ளைகளோடு பின்வாங்கில் இருந்து விற்றாலி உக்ரேனிய மொழி படித்தான். ரஷ்ய மொழியில் இனி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று சத்தியமும் பண்ணியிருந்தான். விசயம் கேள்விப்பட்டு மண்டபத்துப் பெரியவர்கள் ஐஸைப் பார்க்க வந்தார்கள். கனடாவில் பிறந்து, அந்த நாட்டை ஒருமுறையும் பாராமல், அதன் பாட்டுகளையெல்லாம் மனப்பாடம் பண்ணியவர்கள். ஒரு பூவேலைச் சட்டை கொண்டுவந்து அவனுக்குப் போட்டுவிட்டார்கள், தோளில் இறுகியது. சோவியத் காலத்துச் சிவப்பு நட்சத்திரத்தைக் கண்டதும் அவர்களுடைய முகம் மாறியது. சுரண்டிவிடு என்றார்கள். இது எங்கள் சுரங்கத்துக் கழகத்தின் பழைய சின்னம், இதை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் நாங்கள் எல்லாரும் ஆடப் பழகினோம் என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு, அவசரத்தில் ரஷ்ய மொழியே வந்தது. ஒருவரும் ஏசவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். "அந்தரத்திலை வாயிலை வாறதுதானே பாஷை. அதுக்கும் பெடியனைக் குற்றவாளியாக்கிப்போட்டுப் போகினம்," என்று அன்ரனெற் றிச்சர்டிடம் பொரிந்து தள்ளினாள்.

கார்த்திகையில் ஒரு காலை நட்சத்திரத்தைக் காணவில்லை. அதே வட்டத்துக்குள், நகரத்தைப் பிடித்தவர்களின் வெள்ளை, நீலம், சிவப்புக் கொடி தீட்டியிருந்தது. விற்றாலி ஸ்கேற்றின் அலகைக் கழற்றி விரல் வெடிக்கும்வரை சுரண்டினான்; எவ்வளவு சுரண்டினாலும் நிறம் இன்னும் ஒரு விரற்கடை கீழே இருந்தது. அடுத்த கிழமை, இழுபடும் சப்பாத்துத் தடத்துக்கு இரு பக்கமும் இரண்டு சோடி பூட்ஸ் தடங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து வட்டத்தைக் கடந்து சுவருக்குள் போயிருந்தன. அன்ரனெற்தான் முதலில் கண்டாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் அவளுடைய அண்ணன் சீமோனும் இப்படித்தான் இருவருக்கு நடுவே நடந்து போனான், போனவன் போனவன்தான். விற்றாலியிடம் அதைச் சொல்லாமல், விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது.

அதன் பிறகு சிறுவர்களின் கீறல்கள் மட்டும் வந்தன. அங்கே கீறுவது இங்கே வருமென்றால் இங்கே கீறுவதும் அங்கே போகத்தானே வேண்டும் என்று விற்றாலி நினைத்தான். ஒரு மாலை, தாழ்ந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடி ஐஸில் இறங்கினான். எழுத நினைத்தது ஒரேயொரு சொல்: அப்பா, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எந்த மொழியில் என்பதுதான் அவனை வதைத்தது. உக்ரேனிய மொழியில் எழுதினால் அது பிள்ளைகளின் தலையில் விடியும், எழுதியது யார் என்று அவர்களைத்தான் பிடிப்பார்கள். ரஷ்ய மொழியில் எழுதினால் சத்தியம் போகும், அறிவிப்பாளர்கள் சொன்னதே சரியென்றும் ஆகிவிடும். கடைசியில், பேசத் தொடங்கிய நாளிலிருந்து தகப்பனைக் கூப்பிட்ட அந்த ரஷ்யச் சொல்லையே கொடியின் மேல் கீறினான்.

மறுநாள் விடிய ஐஸ் முழுவதும் கீறல்கள். ஆனால் ஒரு கீறலும் அந்தச் சொல்லை வெட்டவில்லை. வேகமாக வந்த பிள்ளைகள் எல்லாரும் கிட்டவந்து, வளைந்து, அதைச் சுற்றிப் போயிருந்தார்கள். பதில் என்று ஒன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. விற்றாலி ஒவ்வொரு மாலையும் எழுதுகிறான். விடிய அன்ரனெற் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, "பெடியள் இண்டைக்கும் சுத்தித்தான் போயிருக்கிறாங்கள்," என்பாள். றிச்சர்ட் "ஓம்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிடுவார்.